கோர்ட்டில் அப்பா தமிழில் பேசட்டுமா, தெரிந்த ஆங்கிலத்தில் பேசட்டுமா?

நீங்கள் கேட்டது இது: காப்பிக்கடையில் நடந்த கைகலப்பில் உங்கள் அப்பாமீது வேண்டுமென்றே காயம் விளைவித்ததாகக் குற்றச்சாட்டு. அடுத்த மாதம் சிங்கப்பூர் அரசு நீதிமன்றத்தில் மென்ஷன், அதாவது விசாரணைக்கு முன்பு வழக்கு நீதிபதியிடம் எடுக்கப்படும் நாள். முப்பது வருடம் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர், ஆங்கிலம் ஓரளவு பேசுவார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் நீதிபதி எரிச்சல்படுவாரா, அப்படியே கேட்டாலும் அப்பா சொல்வதை மொழிபெயர்ப்பாளர் சரியாகச் சொல்வாரா என்று கவலைப்படுகிறீர்கள். இவர் சொல்வது ஒன்று, பதிவாவது வேறொன்று என்று ஆகிவிடுமோ என்ற பயம் அதற்குள் இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. அதற்குத்தான் நீளமாகப் பதில் எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் அல்ல, நீதிமன்ற மொழிபெயர்ப்பில் இருப்பவன். மொழியைப் பற்றி உறுதியாகச் சொல்வேன். குற்றத்தை ஒப்புக்கொள்வதா, விசாரணை கோருவதா என்பதை வழக்கறிஞரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதல் நாளிலிருந்தே தமிழ் கேளுங்கள். அரசியலமைப்புப்படி தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. ஆனாலும் நீதிமன்றம் ஆங்கிலத்தில் நடக்கிறது, பதிவும் ஆங்கிலத்தில்தான். குற்றவியல் வழக்கில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றமே தருகிறது, கட்டணம் கிடையாது. பெயர் கூப்பிட்டதும் எந்த மொழி என்று கேட்பார்கள், “தமிழ்” என்று சொன்னால் போதும். தமிழ் கேட்டதற்காக எந்த நீதிபதியும் ஒருவரைத் தாழ்வாக எடைபோடமாட்டார். ஒன்றுக்கு மட்டும் தயாராக இருங்கள். விசாரணை நடந்தால், “வேலையிடத்தில் ஆங்கிலம் பேசினீர்களே, இங்கே மட்டும் ஏன் தமிழ்?” என்று அரசுத் தரப்பு கேட்கலாம். “வேலைக்கு அந்த ஆங்கிலம் போதும். இதற்குப் போதாது” என்பது முழு உண்மையான பதில். என்னைக் கேட்டால், ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாதவரைவிட அரைகுறையாகத் தெரிந்தவருக்குத்தான் கோர்ட்டில் ஆபத்து அதிகம். தெரியாதவர் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருப்பார். அரைகுறையாகத் தெரிந்தவர் காதில் விழுந்த பாதியை வைத்து “யெஸ், யெஸ்” என்று சொல்லிவிடுவார்.

அந்த “யெஸ்” எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தமிழில் ஒருவர் பேசும்போது நடுநடுவே “ஆமா... ஆமா... சரி...” என்போம். நீங்கள் சொல்வது காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள் என்பதுதான் அதன் பொருள். சொன்னதையெல்லாம் ஏற்றுக்கொண்டதாக ஆகாது. கோர்ட்டில் அதே சத்தம் ஒப்புதலாகப் பதிவாகும். எதிர்மறைக் கேள்வி இன்னும் மோசம். “அவர் உங்களைத் தொடவே இல்லை, அப்படித்தானே?” என்ற கேள்விக்குத் தமிழர் ஒருவர் “ஆமா” என்றால் “தொடவில்லை, நீங்கள் சொன்னது சரி” என்று அர்த்தம். அதே கேள்விக்கு “இல்ல” என்று சொல்லி, “தொடவில்லை” என்று பொருள்கொள்பவரும் உண்டு. வெறும் யெஸ், நோ பதிவில் நின்றால் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பின்னால் படிப்பவருக்குத் தெரியாது. அப்பாவுக்கு இதை நன்றாகப் பழக்குங்கள்: ஆமா, இல்லை என்று நிறுத்தாமல் வினைச்சொல்லோடு முடிக்க வேண்டும். “அவர் என்னைத் தொட்டார்.” “நான் அவரைத் தள்ளவில்லை.” இப்படிச் சொன்னால் எந்த மொழிக்குப் போனாலும் பொருள் மாறாது.

இனி குற்றச்சாட்டின் சொற்களுக்கு வருகிறேன். உங்கள் அப்பா விஷயத்தில் முக்கியமான இடம் இதுதான். “வேண்டுமென்றே காயம் விளைவித்தல்” என்பது குற்றவியல் சட்டத்தின் 323ஆவது பிரிவு. மூன்று ஆண்டு வரை சிறை, 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். இந்தச் சட்டம் 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பின்பற்றி 1871இல் சிங்கப்பூர் அடங்கிய அன்றைய நீரிணைக் குடியேற்றங்களுக்காக இயற்றப்பட்டது. சொற்களுக்கு அது தனி விளக்கம் தருகிறது. நாம் “காயம்” என்றால் ரத்தம், வீக்கம், தையல் என்று நினைக்கிறோம். 319ஆவது பிரிவின்படி உடல்வலி உண்டாக்கினாலே போதும். கன்னத்தில் விழுந்த ஓர் அறை ஒரு தடயமும் விடாமல் மறைந்திருந்தாலும் அது சட்டத்தின் கண்ணில் காயம்தான். அதனால் “காயமே படல சார்” என்று ஒருவர் மனதார நம்பிச் சொல்லும்போது, அவர் அறைந்ததை மறுக்கிறாரா, ரத்தம் வந்ததை மறுக்கிறாரா என்று கேட்டுத் தெளிவாக்கியாக வேண்டும்.

“வேண்டுமென்றே” அதைவிடச் சிக்கல். தமிழில் வேணும்னே செய்தான் என்றால் முன்கூட்டித் திட்டம்போட்டு, கெட்ட எண்ணத்தோடு செய்தான் என்று ஒலிக்கும். 321ஆவது பிரிவு அவ்வளவு கேட்கவில்லை. வலி உண்டாக்கும் நோக்கம் அந்த நொடியில் இருந்திருந்தால் போதும், அல்லது வலி உண்டாகக்கூடும் என்று தெரிந்தே செய்திருந்தாலும் போதும். “வேணும்னே அடிக்கல, கோவத்துல அடிச்சுட்டேன்” என்று சொல்பவர் தமிழில் குற்றத்தை மறுக்கிறார். சட்டத்தின் பார்வையில் அவர் ஏறக்குறைய ஒப்புக்கொண்டேவிட்டார். கோபம் தண்டனையைக் குறைக்கக் காரணமாகலாம், ஆனால் நோக்கம் இல்லை என்று அது காட்டாது. இந்த வேறுபாட்டை வழக்கறிஞர் அப்பாவுக்குத் தமிழில், நிதானமாக, மென்ஷனுக்கு முன்பே விளக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் நீதிமன்றத்தில் அதை விளக்க முடியாது, அது சட்ட ஆலோசனை ஆகிவிடும்.

குற்றத்தை ஒப்புக்கொள்வது என்று முடிவெடுத்தால் நீதிபதி மூன்று விஷயங்களைப் பார்ப்பார். ஒப்புக்கொள்வது குற்றஞ்சாட்டப்பட்டவரே தானா, அதன் தன்மையும் விளைவும் அவருக்குப் புரிகிறதா, நிபந்தனை எதுவும் இல்லாமல் ஒப்புக்கொள்கிறாரா. பிறகு நடந்ததைச் சொல்லும் ஸ்டேட்மென்ட் ஆஃப் ஃபேக்ட்ஸ் வாசிக்கப்பட்டு தமிழில் சொல்லப்படும். இந்த இடத்தில் பலர் “ஆமா சார், ஆனா அவன்தான் முதல்ல கை வச்சான், தடுக்கப்போனப்போ என் கை பட்டுடுச்சு” என்கிறார்கள். அந்த “ஆனா”வோடு ஒப்புதல் நின்றுவிடும், நீதிபதி அதை ஏற்கமாட்டார். தண்டனையைக் குறைக்கச் சொல்லும் மிட்டிகேஷனில் இதைச் சொன்னாலும் அதே கதிதான். குற்றத்துக்கு அடிப்படையான ஒன்றை அந்தப் பேச்சு பாதித்தால் ஒப்புதலை நிராகரிக்க வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 228(4)ஆவது பிரிவு. இது அப்பாவுக்கு எதிரான விதி அல்ல, அவரைக் காப்பதற்கான விதி. உண்மையிலேயே தடுக்கத்தான் போனார் என்றால் அதை மறைத்துக்கொண்டு தலையாட்டக்கூடாது. ஆனால் இந்தக் குழப்பம் கடைசி நேரத்தில் வெளிப்பட்டால் நஷ்டம் உண்டு. 2023 அக்டோபர் முதல் நடப்பில் உள்ள வழிகாட்டுதலில், ஆரம்பக் கட்டத்திலேயே ஒப்புக்கொள்பவருக்குத் தண்டனையில் 30 விழுக்காடு வரை குறைப்பு உண்டு, தாமதமாக ஆகச் சலுகை குறையும். ஆகவே சொல்லின் பொருளை முதலிலேயே தீர்த்துக்கொள்வது காசு, காலம் இரண்டையும்விடப் பெரிய விஷயம்.

கைகலப்பு வழக்குகளில் எனக்கு அதிகக் கவலை தருகிற சொல் “குத்தினான்”. கைமுட்டியால் குத்துவதும் குத்துதான், கத்தியால் குத்துவதும் குத்துதான். எதனால் என்று சொல்லாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் ஊகிக்கக்கூடாது, நிறுத்திக் கேட்க வேண்டும். ஏனென்றால் கையில் சாவியோ கிளாஸோ இருந்தது என்றால் விஷயம் 324ஆவது பிரிவுக்கு, ஆயுதத்தால் காயம் விளைவித்தலுக்குப் போகலாம். அங்கே ஏழு ஆண்டு வரை சிறை, பிரம்படிக்கும் இடமுண்டு (ஐம்பது வயதைக் கடந்த ஆண்களுக்குப் பிரம்படி கிடையாது). “கை” என்பதும் அப்படியே. தோளிலிருந்து விரல் நுனி வரை நமக்குக் கைதான். மருத்துவ அறிக்கையில் இடது முன்கையில் சிராய்ப்பு என்று இருக்கும், சாட்சி “கையப் பிடிச்சு முறுக்கினார்” என்பார், ஆங்கிலத்தில் அது மணிக்கட்டுக்குக் கீழே உள்ள பகுதியாகப் பதிவாகும், உடனே முரண்பாடு என்று ஒரு கேள்வி கிளம்பும். “அடிச்சான்” சொல்லவே வேண்டாம்: அறை, குத்து, கம்பால் சாத்தியது எல்லாம் அதற்குள் அடங்கும். அப்பா கையால் காட்டிச் சொல்வதில் தவறில்லை. ஆனால் கையால் காட்டியது எழுத்துப் பதிவில் வராது, யாராவது அதை வாயால் சொன்னால்தான் வரும். “வலது உள்ளங்கையால், அவருடைய இடது தோளில், ஒரு தடவை தள்ளினேன்” என்று சொல்லப் பழகட்டும்.

தற்காப்பு என்று சொல்லப்போகிறார் என்றால் “அடிக்க வந்தான்” என்ற தொடரைப் பிரித்துச் சொல்ல வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து முறைத்தபடி நடந்து வந்தாலும் அடிக்க வந்தான்தான், ஓங்கிய கை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தாலும் அடிக்க வந்தான்தான். ஆபத்து எவ்வளவு நெருங்கியிருந்தது என்பதுதான் சட்டம் கேட்பது. அதற்கு “கையை ஓங்கினான், எனக்கும் அவனுக்கும் இடையில் ஒரு மேசை இருந்தது” என்ற அளவுக்கு விவரம் வேண்டும். “நான் தள்ளலன்னா அடிச்சிருப்பான்” என்பதிலும் ஒரு பள்ளம். “அடிச்சிருப்பான்” தனியாக நின்றால், அடித்திருக்க வேண்டும் என்ற ஊகமாகவும் போகும், அடித்துவிட்டிருப்பான் ஆனால் அடிக்கவில்லை என்றும் போகும்.

தமிழில் சொல்லாமலே விளங்குவதை ஆங்கிலம் கேட்டு வாங்கும், தமிழ் பிரித்துச் சொல்வதை ஆங்கிலம் ஒன்றாக்கிவிடும். “காசு கொடுத்தாச்சு” என்பதில் கொடுத்தவர் யார் என்றே இல்லை, ஆங்கிலத்துக்கு ஓர் ஆள் வேண்டும். “அவங்க வந்தாங்க” என்பது மரியாதைக்குரிய ஒருவராகவும் இருக்கலாம், பத்துப் பேராகவும் இருக்கலாம். ஐந்து பேர் சேர்ந்தாலே சட்டவிரோதக் கூட்டம் என்ற கேள்வி எழும் இடத்தில் இது சின்ன விஷயமில்லை. “நாம போலாம்” என்றால் கேட்பவரும் சேர்த்தி, “நாங்க போறோம்” என்றால் அவர் சேர்த்தியில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். பொதுநோக்கத்தோடு சேர்ந்து செய்தார்களா என்று பார்க்கும் 34ஆவது பிரிவில் அந்த வேறுபாட்டில் ஒருவர் தலை தப்பலாம், தப்பாமலும் போகலாம். “அவன் பாட்டில் எடுத்தானாம்” என்பதில் கடைசி “ஆம்” இது கேள்விப்பட்டது என்று சொல்லிவிடுகிறது. அதை விட்டுவிட்டால் செவிவழிச் செய்தி கண்ணால் கண்ட சாட்சியாகிவிடும். “ஒரு பத்துப் பேர்” என்றால் சுமார் பத்து, எண்ணிப் பார்த்த பத்து அல்ல. நல்ல மொழிபெயர்ப்பாளர் இவற்றையெல்லாம் கவனிப்பார். ஆனால் வேகமாகப் பேசினால் எவ்வளவு தேர்ந்தவரும் ஒன்றிரண்டைத் தவறவிடுவார்.

நாம் தமிழ் என்று நினைத்துப் பேசும் ஆங்கிலச் சொற்களும் கவனிக்க வேண்டியவை. “டார்ச்சர் பண்ணினான்” என்றால் நச்சரித்தான், அவ்வளவுதான். அதை அப்படியே ஆங்கிலமாக விட்டால் சித்திரவதை. “டென்ஷனாயிட்டேன்” என்றால் நமக்குக் கோபம், அவர்களுக்குப் பதற்றம். “சும்மா” இருக்கிறதே, அது எங்கள் தொழிலுக்கே பெரிய சோதனை. “சும்மா ஒரு தட்டு தட்டினேன்” என்பதில் மெதுவாகவா, விளையாட்டாகவா, காரணமே இல்லாமலா? காரணமே இல்லாமல் என்று போய்விட்டால் சீண்டாதவரை அடித்த முரடராகத் தெரிவார். அந்தச் சொல்லைக் கூண்டில் தவிர்க்கச் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பாளரைப் பற்றிய உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். அவர் யார் பக்கமும் இல்லை. உண்மையாகவும் சரியாகவும் மொழிபெயர்ப்பதே அவர் கடமை. அப்பா “நான்” என்றால் அவரும் “நான்” என்றே சொல்வார், அதைக் கேட்டுத் திகைக்க வேண்டாம். கெட்ட வார்த்தையைக் கெட்ட வார்த்தையாகவே சொல்வார். “கொன்னுடுவேன்” என்றதைக் குறைத்து “திட்டினேன்” என்று சொல்லமாட்டார். அது வீட்டில் பிள்ளைகளைக்கூட அதட்டும் சொல் என்பதை வழக்கறிஞர்தான் கேள்வி கேட்டு வெளிக்கொணர வேண்டும். நடுவில் அவரிடம் தனியாகப் பேசவோ, எப்படிச் சொல்லலாம் என்று கேட்கவோ கூடாது. இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்திக் கொடுங்கள். கேள்வி ஆங்கிலத்தில் புரிந்தாலும் தமிழ் முடியும்வரை வாய் திறக்கக்கூடாது. யோசிக்க அந்த நேரமும் கிடைக்கும்.

வாசிக்கப்படும் தமிழ் எழுத்துத்தமிழாக, கடினமாக இருந்தால் “புரியல, பேச்சுத் தமிழ்ல சொல்லுங்க” என்று அப்பா கேட்கலாம், கேட்க வேண்டும். புரிந்ததுபோல் நிற்பதுதான் தவறு. மொழிபெயர்ப்பாளரின் ஊர்வழக்கு வேறாக இருந்தாலும் சொல்லலாம். யாழ்ப்பாணத்தவர் “வெருட்டினான்” என்றால் மிரட்டினான், இங்குள்ள எல்லாருக்கும் அது பழக்கமில்லை. தவறு நடந்துவிட்டது என்று தோன்றினால் அந்த நொடியே கையை உயர்த்தி, “நான் சொன்னது அது இல்லை” என்று சொல்ல வேண்டும். வழக்கறிஞர் இருந்தால் அவர் எழுந்து சொல்வார். நீங்கள் பார்வையாளர் இருக்கையிலிருந்து குரல் கொடுக்கக்கூடாது. ஒரு தாளில் நேரத்தையும் சொல்லையும் குறித்து இடைவேளையில் வழக்கறிஞரிடம் கொடுங்கள். தீர்ப்புக்குப் பிறகு “மொழிபெயர்ப்பு சரியில்லை” என்று பொதுவாகச் சொன்னால் எடுபடுவது கடினம். எந்தச் சொல், எந்த இடம், அதனால் எது மாறியது என்று காட்ட வேண்டியிருக்கும்.

குறுக்கு விசாரணையில் “ஐ புட் இட் டு யூ” என்று தொடங்கும் வாக்கியங்கள் வரும். அரசுத் தரப்பு தன் கதையைச் சொல்லி, நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்களா மறுக்கிறீர்களா என்று கேட்கும் முறை அது. எதிர்த்தரப்பு வாதத்தைச் சாட்சியின் முகத்துக்கு நேரே வைத்து, பதில் சொல்ல அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்பதற்காக அது நடக்கிறது. நம்மவர்கள் அதைக் கேட்டு, நீதிமன்றமே தன்னைப் பொய்யன் என்று முடிவுகட்டிவிட்டதாக நினைத்து உடைந்துபோகிறார்கள், அல்லது “நீங்க சொன்னா சரி சார்” என்று மரியாதைக்குத் தலைவணங்கிவிடுகிறார்கள். பெரியவர்களை எதிர்த்துப் பேசக்கூடாது என்று வளர்ந்த தலைமுறைக்கு இது மிகவும் கடினம். மறுப்பது மரியாதைக் குறைவல்ல என்று அப்பாவிடம் முன்பே சொல்லிவையுங்கள். “மறுக்கிறேன்” என்ற ஒரு சொல் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பல வழக்குகளில் மொழிச் சிக்கல் தொடங்குவது போலீஸ் வாக்குமூலத்தில்தான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 22ஆவது பிரிவின்கீழ் எழுத்தில் எடுக்கும் வாக்குமூலத்தை அவருக்கு வாசித்துக்காட்ட வேண்டும், ஆங்கிலம் புரியாவிட்டால் புரியும் மொழியில் சொல்ல வேண்டும், பிறகு கையெழுத்து. அதே சட்டத்தின் 23ஆவது பிரிவின்கீழ், தன் தரப்பு வாதமாக எதையாவது இப்போது சொல்லாமல் விசாரணையில் முதன்முறையாகச் சொன்னால் நீதிபதி அதை நம்புவது குறையலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு. அது அவருக்கு எந்த மொழியில் சொல்லப்பட்டது என்பது முக்கியம். 2020இல் இந்தோனேசியப் பணிப்பெண் ஒருவரை உயர் நீதிமன்றம் விடுவித்த திருட்டு வழக்கில், பஹாசா இந்தோனேசியா பேசும் அவருக்கு மலாயில் மொழிபெயர்த்து வாக்குமூலம் எடுத்தது கேள்விக்குள்ளானது. பக்கத்துப் பக்கத்து மொழிகளுக்கே அப்படியென்றால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் கேட்க வேண்டுமா? அப்பா ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் இன்றே அவரிடம் கேட்டு எழுதிவையுங்கள்: எந்த மொழியில் கேட்டார்கள், மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா, வாசித்துக்காட்டினார்களா, திருத்தம் ஏதாவது செய்தாரா. அதை வழக்கறிஞரிடம் கொடுங்கள். இதனால் வாக்குமூலம் ஒதுக்கப்படும் என்று நான் சொல்லவில்லை. ஏற்பதா, எவ்வளவு எடை கொடுப்பதா என்பது நீதிபதியின் முடிவு, வாக்குமூலத்தைப் பார்க்காமல் யாரும் அதைக் கணிக்க முடியாது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால், 2022 டிசம்பர் முதல் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அரசாங்கத்தின் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் இருக்கிறது. வருமானத் தகுதி பார்ப்பார்கள்.

சண்டைக்கு முன்னும் பின்னும் வந்த வாட்ஸ்அப் செய்திகள் இருந்தால் அழிக்காதீர்கள், நீங்களாக மொழிபெயர்த்தும் கொடுக்காதீர்கள். ஆங்கிலத்தில் இல்லாத ஆவணத்துக்குச் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு வேண்டும். ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழாக இருந்தால் தேதியும் நேரமும் தெரியும்படி படமெடுத்து, வெட்டாமல் முழு உரையாடலையும் கொடுங்கள். “டேய், வாடா பாத்துக்கலாம்” என்பது மிரட்டலா, நண்பர்கள் பேச்சா என்பது அதற்கு முந்தைய பத்து வரியில்தான் தெரியும். குரல் செய்தியை முதலில் தமிழிலேயே சொல்லுக்குச் சொல் எழுதி, அதன்பிறகு மொழிபெயர்க்க வேண்டும். கேட்டுக்கொண்டே நேராக ஆங்கிலத்தில் எழுதினால் எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் என்று பின்னால் யாராலும் சரிபார்க்க முடியாது.

மென்ஷனுக்கு முந்தின வாரம் ஒரு மாலை அப்பாவை உட்காரவைத்து, நடந்ததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் எடுத்துக்கொடுக்கக்கூடாது, அது சாட்சியைப் பழக்குவதாகிவிடும். யார், எந்தக் கையால், எங்கே, எத்தனை தடவை, அவர் கண்ணால் கண்டதா, பிறர் சொன்னதா என்று மட்டும் கேளுங்கள். விட்ட இடமெல்லாம் அவருக்கே தெரியவரும்.